ஜனவரியை நினைத்துப் படகு பாருங்கள்
நேரோபோட் வாங்க நினைத்துக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்னும் குறுகலான படகொன்றை வாங்கிக் குடியிருக்கலாமா என்று கேட்டு வருகிற நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். லண்டன் வாடகை கட்டி மாளாதவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு வீட்டை விற்க நினைக்கும் தம்பதிகள், வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் இளைஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது, கிரிக் கண்காட்சிக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்பதுதான். நார்த்தாம்ப்டன்ஷயரில், கிராண்ட் யூனியன் கால்வாயின் லெஸ்டர் கிளையில் இருக்கிறது கிரிக் கிராமம். அங்குள்ள படகுத்துறையான மரீனாவில் மே மாதக் கடைசி வங்கி விடுமுறையை ஒட்டி ஆண்டுதோறும் படகுக் கண்காட்சி நடக்கிறது. படகு கட்டுவோர், எஞ்சின் விற்போர், அடுப்பு விற்போர், காப்பீட்டுக்காரர்கள் எல்லாரையும் ஒரே நாளில் பார்த்துப் பேச அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அங்கே நிற்கும் படகு வாழ்நாளிலேயே மிக நல்ல நிலையில் நிற்கிறது. வெளியே வெயில். கரையிலிருந்து மின்சாரம். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும், கழிவுத் தொட்டி காலியாக இருக்கும். நீங்கள் குடியிருக்கப் போவதோ பன்னிரண்டு மாதமும். ஆகவே எந்தப் படகில் ஏறினாலும் ஒரே கேள்வியோடு ஏறுங்கள்: ஜனவரி மாதத்தில், கரை மின்சாரம் இல்லாத ஓரிடத்தில் கட்டியிருக்கும்போது இந்தப் படகுக்குள் எப்படி இருக்கும்? கீழே நான் சொல்லும் எல்லாமே இந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

1. எங்கே கட்டுவது என்று முடிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்

படகின் நிறமும் சமையல் மேடையின் கல்லும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிப்பது கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். லைசென்ஸ் தருவதும் அதுதான். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, லைசென்ஸ் கேட்பவருக்கு நிலையான ஒரு கட்டுமிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் உண்மையாகவே பயணம் போய்க்கொண்டிருக்க வேண்டும். கட்டுமிடம் இல்லாமல் இப்படிச் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் லைசென்ஸில் கூடுதல் கட்டணமும் உண்டு.

பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறதா? மாதாமாதம் ஒரே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் வீட்டில் இருக்கிறாரா? அப்படியானால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறும் வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று இப்போதே பேசிவிடுங்கள். மரீனாவில் இடம் பிடித்தால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலான கட்டுமிடங்கள் பொழுதுபோக்குப் படகுகளுக்கானவை. ஆண்டு முழுதும் குடியிருக்க அனுமதியுள்ள இடங்கள் குறைவு, வாடகையும் அதிகம். தேம்ஸ் ஆற்றின் பெரும்பகுதி என்விரான்மென்ட் ஏஜென்சியின் கையில் இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் வேறு.

2. நீளத்தை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி ட்ரென்ட் அண்ட் மெர்ஸி கால்வாயில் ஏறக்குறைய 7 அடி அகலத்தில் லாக்குகளை அமைத்தார். நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவடைப்புகள்தான் லாக்குகள். மிட்லண்ட்ஸ் கால்வாய்கள் பலவும் அந்த அளவையே பின்பற்றின. அகலம் அன்றே முடிவாகிவிட்டதால், இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியது நீளம் மட்டுமே. அதுவும் 70 அடிக்குச் சற்று மேல் போகாது.

கண்காட்சியில் 70 அடிப் படகில் ஏறினால் கூடம், படுக்கையறை, படிப்பறை எல்லாம் பார்த்து மனம் இளகிவிடும். வடக்கே கால்டர் அண்ட் ஹெபிள் கால்வாயில் சில லாக்குகள் 57 அடி சொச்சம் நீளப் படகைத்தான் ஏற்கும். லீட்ஸ் அண்ட் லிவர்பூலின் ஒரு பகுதியில் 62 அடிதான் எல்லை. எங்கும் போக வேண்டும் என்கிறவர்கள் 57 அடியில் நிற்பதற்கு இதுதான் காரணம். லைசென்ஸ், கட்டுமிட வாடகை, அடியில் தார் பூசும் கூலி எல்லாமே நீளத்தைப் பொறுத்தவை. கூடுதலாக வாங்கும் ஒவ்வோர் அடிக்கும் ஆண்டுதோறும் காசு கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

3. வைட்பீமில் ஏறினால் ஒரு கேள்வி கேளுங்கள்

10, 12 அடி அகலமுள்ள வைட்பீம் படகுகளும் கிரிக்கில் நிற்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு ஃபிளாட்டுக்குள் வந்த உணர்வு வரும். அப்போது விற்பவரிடம், “இந்தப் படகு இங்கே எப்படி வந்தது?” என்று கேளுங்கள். லாரியில் வந்தது என்பதுதான் பதிலாக இருக்கும். கிரிக் இருக்கும் மேட்டுநீர்ப் பகுதி சுமார் 20 மைல் நீளம். அதன் தெற்கு முனையில் வாட்ஃபர்ட் லாக்குகள் (லண்டனுக்கு அருகிலுள்ள வாட்ஃபர்ட் வேறு), வடக்கு முனையில் ஃபாக்ஸ்டன் லாக்குகள். இரண்டும் 7 அடி அகலமே. ஆகவே கண்காட்சி முடிந்ததும் வைட்பீம் திரும்பிப் போவதும் சாலை வழியாகத்தான்.

இந்த ஒரு பதிலில் வைட்பீமின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. தேம்ஸ், கென்னட் அண்ட் ஏவன் போன்ற அகன்ற நீர்வழிகளில் ஓரிடத்தோடு இருக்க விரும்பும் குடும்பத்துக்கு அது நல்ல வீடு. நாடு சுற்ற ஆசைப்படுகிறவருக்கு அது தடை. வடக்கிலுள்ள அகன்ற கால்வாய்களுக்கும் தெற்கிலுள்ளவற்றுக்கும் நடுவே வைட்பீம் போக உள்நாட்டு நீர்வழி கிடையாது. லைசென்ஸ் கட்டணமும் அகலத்துக்காகக் கூடும்.

4. அமரத்தில் நின்று பாருங்கள்

படகின் பின்முனையான அமரம் மூன்று வகையாக இருக்கும். ட்ராட் வகையில் சுக்கான் பிடிப்பவர் வாசலுக்குள்ளேயே நிற்கலாம். காலடியில் எஞ்சின் சூடு, இடுப்புவரை காற்றடிக்காது. ஆனால் அருகே இன்னொருவர் நிற்க இடமிராது. க்ரூஸர் வகையில் பின்தளம் திறந்து விரிந்திருக்கும். கோடையில் நான்கு பேர் நின்று தேநீர் குடித்துக்கொண்டே போகலாம், ஜனவரி மழையில் நனைவதும் அதே இடத்தில்தான். செமி ட்ராட் இவ்விரண்டுக்கும் நடுவே.

கண்காட்சியில் எல்லாரும் உள்ளே போய்ச் சமையலறையைப் பார்க்கத்தான் முந்துவார்கள். நீங்கள் சுக்கானின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் நில்லுங்கள். முன்முனையான அணியம் கண்ணுக்குத் தெரிகிறதா, கூரையில் வைத்த பெட்டிகள் மறைக்கின்றனவா, முதுகு வளைகிறதா என்று கவனியுங்கள். ஒரு நாள் பயணமென்றால் அப்படி ஆறேழு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

5. படுங்கள், குனியுங்கள், சமைப்பதாக நில்லுங்கள்

காலணியைக் கழற்றிவிட்டுத்தான் பெரும்பாலும் படகில் ஏற விடுவார்கள். கழற்ற எளிதான செருப்போடு போங்கள். உள்ளே போனால் உடம்பால் அளந்து பாருங்கள். உள் அகலம் சுமார் 6 அடிதான், அதிலும் சுவர்கள் மேலே போகப்போக உள்பக்கமாகச் சாயும். குறுக்கே போட்ட கட்டிலில் உயரமானவர் கால் நீட்ட முடியுமா? நீளவாட்டில் போட்ட 4 அடிக் கட்டிலில் சுவரோரம் படுப்பவர் நள்ளிரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அனுமதி கேட்டுவிட்டுப் படுத்தே பாருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்து தங்குவார் என்றால், வெளித்தளத்திலிருந்து உள்ளே இறங்கும் செங்குத்தான படிகளில் அவர் இறங்குவாரா என்று யோசியுங்கள். பிறகு சமையல் மேடை. குக்கரும் தோசைக்கல்லும் ஒரே நேரத்தில் அடுப்பில் இருக்க இடமுண்டா? தாளிக்கும்போது புகை வெளியேற நேர்மேலே வழி இருக்கிறதா? சோறு வடித்த ஆவியெல்லாம் போக இடமில்லாமல் குளிர்ந்த ஜன்னல் சட்டத்தில் நீராகப் படியும். இங்குள்ள விற்பனையாளருக்கு இது தோன்றாத கேள்வியாக இருக்கலாம். நமக்கு அன்றாடப் பிரச்சினை.

6. குளிரை எப்படி விரட்டுகிறது என்று கேளுங்கள்

படகு என்பது எஃகுப் பெட்டி. அதைச் சூடாக வைத்திருப்பது சுவருக்குள் இருக்கும் காப்புப்பொருள், அதை நீங்கள் பார்க்கவே முடியாது. அதனால் கேளுங்கள். எஃகோடு ஒட்டித் தெளித்த ஸ்ப்ரே ஃபோம் இன்று நல்லதென்று கருதப்படுகிறது. எஃகுக்கும் காப்புக்கும் நடுவே ஈரக்காற்று புக இடைவெளி இல்லாததே அதன் பலம். பழைய படகுகளில் பாலிஸ்டைரீன் பலகை இருக்கும். அது பிவிசி உறையிட்ட மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் காலப்போக்கில் உறை கெட்டுவிடும்.

நிலக்கரியும் விறகும் எரிக்கும் ஸ்டவ் பெரும்பாலும் முன்கூடத்தில் இருக்கும், படுக்கையறை பின்கோடியில் இருக்கும். சூடு அங்கே எப்படிப் போகும்? ஸ்டவ்வின் பின்னாலிருந்து வெந்நீர்க் குழாய் ரேடியேட்டருக்குப் போகிறதா? தனியே டீசல் ஹீட்டர் உண்டா, அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? பழைய படகு என்றால் மெத்தையின் மூலையைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமும் கறுத்த புள்ளிகளும் பூஞ்சை வாடையும் இருந்தால் அந்தப் படகு குளிர்காலத்தில் உள்ளே வியர்க்கிறது என்று அர்த்தம்.

காற்றுத் துளைகளை அடைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடைத்த அறையில் ஸ்டவ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு தேங்கும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடியிருப்பு வசதியுள்ள படகுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரல் முதல் போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புத் திட்டம் வற்புறுத்துகிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

7. மின்சாரக் கணக்கைத் தாளில் போடுங்கள்

கண்காட்சியில் எல்லா விளக்கும் எரியும், ஃப்ரிட்ஜ் ஓடும், கெட்டில் கொதிக்கும். கரையிலிருந்து வரும் ஒரு கம்பிதான் அத்தனைக்கும் காரணம். அந்தக் கம்பி இல்லாத நாளில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். பேட்டரிகள் எத்தனை, என்ன வகை? ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் இன்னும் ஆழமாக இறக்கலாம், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. கூரையிலுள்ள சோலார் தகடுகள் ஜூனில் தருவதில் சிறு பங்கைத்தான் டிசம்பரில் தரும்.

அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். பிறர் அருகே கட்டியிருக்கும்போது இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது டிரஸ்டின் விதி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கணினி, ரவுட்டர், ஃப்ரிட்ஜ், பம்ப், விளக்கு, மிக்ஸி என்று ஒவ்வொன்றும் எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொண்டு போய், அந்தத் தாளை மின்கருவி விற்பவரிடம் நீட்டுங்கள். தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்பவரிடம் மேலும் பேசலாம்.

8. கழிப்பறையைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள்

படகுக்காரர்கள் கூடினால் அதிகம் பேசுவது இதைத்தான். பம்ப் அவுட் வகையில் கட்டிலுக்கடியிலோ வேறெங்கோ பெரிய தொட்டி இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை காசு கொடுத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கால்வாய் உறைந்து படகு நகர முடியாமல் போனால் தொட்டி நிறைந்துவிடும். காஸெட் வகையில் சுமார் 20 லிட்டர் பெட்டி. இருவர் இருந்தால் சில நாளில் நிறையும், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு கரைப்பாதையில் நடந்துபோய், அதற்கென்றுள்ள இடத்தில் கொட்டிவிடலாம். மாற்றுப் பெட்டி ஒன்றிரண்டு வைத்துக்கொண்டால் பனிக்காலத்தையும் சமாளிக்கலாம். மக்கும் கழிப்பறைகள் இப்போது பரவி வருகின்றன. அந்தக் கழிவை டிரஸ்டின் குப்பைத் தொட்டிகளில் போட அனுமதியில்லை. முழுதாக மக்கும்வரை வைத்திருக்க உங்களிடம் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறைந்த காஸெட்டைத் தூக்க உங்கள் முதுகு சம்மதிக்குமா என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்தது.

9. பின்தளப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள்

எஞ்சின் அறையைப் பார்க்காமல் எந்தப் படகையும் விட்டு இறங்காதீர்கள். பலகையைத் தூக்கியதும் எண்ணெய் வடிகட்டி, பெல்ட், பேட்டரி முனைகள் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடியில் தேங்கியிருக்கும் நீரையும் எண்ணெயையும் பாருங்கள். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, சர்வீஸ் குறிப்பேடு இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சினின் சூட்டில் வெந்நீர்த் தொட்டியும் காய்கிறதா என்றும் கேட்டுவையுங்கள்.

பிறகு வீட் ஹாட்ச். இறுக மூடிய மூடியோடு, நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சிறு எஃகுப் பெட்டி அது. சுழலியில் பிளாஸ்டிக் பையோ, கயிறோ, பழைய துணியோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து, தோள்வரை கையை விட்டு அறுத்து எடுக்க வேண்டும். நகரங்களைக் கடக்கும்போது இது வழக்கமாக நடப்பதுதான். ஜனவரித் தண்ணீரில் சில நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். அந்த இடத்தில் மண்டியிட்டுக் குனிந்து, மூடியின் பிடியைத் தொட்டுப் பாருங்கள். எட்டாவிட்டால், அல்லது இடுப்பை மடக்க முடியாதபடி எஞ்சின் குறுக்கே நின்றால், படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு அது தொல்லைதான். மூடியைத் திரும்பச் சரியாக மூடாமல் எஞ்சினைக் கிளப்பினால் படகுக்குள் நீர் புகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

10. எஃகைப் பற்றி மூன்று எண்கள் கேளுங்கள்

புதிய படகுகளில் வழக்கமான கணக்கு 10, 6, 4. அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கவாட்டு 6, கூரை 4. இந்த எண்களைத் தயங்காமல் சொல்பவரிடம் அடுத்த கேள்விக்குப் போகலாம். அடிப்பாகத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகை நீரிலிருந்து ஏற்றித் தார் பூச வேண்டும். எபாக்ஸி பூச்சு இன்னும் கொஞ்சம் நாள் தாங்கும். அடியில் பற்றவைத்திருக்கும் மெக்னீசியம் ஆனோடுகள் எஃகுக்கு முன்னால் தாங்கள் கரைந்து அதைக் காக்கின்றன. கரை மின்சாரத்தில் நிரந்தரமாக இணைத்திருக்கும் படகுக்குக் கால்வானிக் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் படகுகளோடு மின்தொடர்பு ஏற்பட்டு உங்கள் எஃகு வேகமாக அரித்துப்போகும்.

கண்காட்சியில் புதுப் படகுகளைப் பார்த்துவிட்டு, விலையால் பழைய படகுக்குப் போவோர்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வார்த்தை: போட் சேஃப்டி சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் அந்தச் சான்றிதழ் எரிவாயு, மின்சாரம், தீ ஆபத்து போன்றவற்றைத்தான் பார்க்கிறது. அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. அதற்குப் படகை நீரிலிருந்து தூக்கி, உங்கள் செலவில், நீங்கள் அமர்த்திய சர்வேயர் மீயொலிக் கருவியால் அளக்க வேண்டும். விற்பவர் பரிந்துரைக்கும் சர்வேயர் வேண்டாம்.

11. கண்காட்சியில் கையெழுத்துப் போடாதீர்கள்

“இன்று முன்பணம் கட்டினால் சலுகை” என்று சொல்வார்கள். உண்மையான சலுகை என்றால் அடுத்த வாரமும் கிடைக்கும். புதிய நேரோபோட் ஒன்றரை லட்சம் பவுண்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். அந்தப் பணத்தைக் கட்டுமானம் நகர நகரத் தவணைகளாகக் கொடுப்பது வழக்கம். நடுவில் நிறுவனம் நொடித்துப்போனால் உங்கள் பணம் எங்கே நிற்கும்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படிப் பாதிப் பணத்தை இழந்து, பாதிப் படகையும் கைப்பற்ற முடியாமல் தவித்தார்கள். ஒவ்வொரு தவணையோடும் அதுவரை கட்டிய கூடும் வாங்கி வைத்த பொருள்களும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்துப் படியுங்கள். அதே நிறுவனத்திடம் வாங்கியவர்கள் சிலரோடு பேசுங்கள்.

பழைய படகில் வேறொரு சிக்கல். நிலத்துக்கு இருப்பதைப் போலக் கட்டாய உரிமைப் பதிவேடு கால்வாய்ப் படகுகளுக்கு இல்லை. டிரஸ்டின் லைசென்ஸ் உரிமைக்குச் சான்றாகாது. முதல் விலைச்சீட்டிலிருந்து இன்றுவரை கைமாறிய ரசீதுகளைக் கேளுங்கள். கடன் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கமான வீட்டுக் கடன் படகுக்குக் கிடைக்காது, கிடைக்கும் கடனுக்கு வட்டி கூடுதல். வீடுபோல விலை ஏறும் என்று நம்பிப் படகில் பணம் போடவும் வேண்டாம்.

12. கூடாரங்களுக்கும் கரைக்கும் நேரம் ஒதுக்குங்கள்

காலையில் படகுகள், பிற்பகலில் கூடாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கான இலவசப் பேச்சுகள் நடக்கும், அவற்றில் உட்காருங்கள். காப்பீட்டுக்காரரிடம், எத்தனை வயதுக்கு மேற்பட்ட படகுக்குச் சர்வே கேட்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிவாயு விஷயத்தில் ப்யூட்டேனா, ப்ரோப்பேனா என்று கேளுங்கள். உறைநிலையை நெருங்கும்போது ப்யூட்டேன் ஆவியாகாமல் அடுப்பு அணைந்துவிடும், அதனால் படகுகளில் ப்ரோப்பேனே நல்லது. பிறகு கரையோரம் கட்டியிருக்கும் சொந்தப் படகுக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். போன குளிர்காலம் எப்படி இருந்தது என்று கேட்டாலே போதும், விற்பனையாளர் சொல்லாத எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இந்தச் சமூகம் அந்த விஷயத்தில் மிகத் தாராளமானது.

13. அதே பயணத்தில் லாக்குகளையும் பாருங்கள்

கிரிக் வரை போய்விட்டு ஃபாக்ஸ்டன் லாக்குகளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஐந்து ஐந்தாக இரண்டு படிவரிசை, மொத்தம் 10 லாக்குகள் படகை 75 அடி உயரம் ஏற்றுகின்றன. ஒரு படகு மேலேறும்வரை கூடவே நடங்கள். மடையைத் திறக்கும் கைப்பிடியைச் சுழற்றுவதற்கும் கனமான கதவை முதுகு கொடுத்துத் தள்ளுவதற்கும் எவ்வளவு பலம் வேண்டும், கீழே இறங்கும் படகு பின்பக்கத் திட்டில் மாட்டாமல் எப்படி முன்னால் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

பிறகு நீங்களே ஒரு வாரம் வாடகைப் படகு எடுங்கள். ஜூலையில் வேண்டாம், மார்ச் தொடக்கத்திலோ அக்டோபர் கடைசியிலோ எடுங்கள். ஆர்ஒய்ஏ (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) நடத்தும் உள்நாட்டு நீர்வழிச் சுக்கானியர் பயிற்சி ஓரிரு நாளில் முடியும், தம்பதியென்றால் இருவரும் சேருங்கள். ஒருவர் எப்போதும் சுக்கானில், மற்றவர் எப்போதும் லாக்கில் என்று ஆகிவிட்டால் ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் படகு நகராது.

14. கால்வாயையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கால்வாய்கள் தானாகப் பிழைத்தவை அல்ல. சரக்குப் போக்குவரத்து சாலைக்கும் ரயிலுக்கும் போனபின் பல கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருந்தன. எல்.டி.சி. ரோல்ட் தன் க்ரெஸ்ஸி படகில் வாழ்ந்த அனுபவத்தை ‘நேரோ போட்’ என்ற நூலாக 1944-இல் வெளியிட்டார். அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் அவரைத் தேடிப் போனார். அவர்கள் முயற்சியில் 1946-இல் இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் பிறந்தது. 1950-இல் ஃபாக்ஸ்டனுக்கு அருகிலுள்ள மார்க்கெட் ஹார்பரோவில் நாடெங்கிலுமிருந்து படகுகளைத் திரட்டி அவர்கள் ஒரு விழா நடத்தினார்கள். கால்வாய்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன, அவற்றை மூடாதீர்கள் என்று அரசுக்கும் மக்களுக்கும் காட்டுவதற்காகக் கூடிய கூட்டம் அது. கிரிக்கில் நீங்கள் பார்க்கப்போகும் திருவிழா அந்தப் போராட்டத்தின் பலனை அனுபவிக்கிறது.

டிரஸ்டுக்கு வரும் அரசு மானியம் 2027-இலிருந்து ஆண்டுதோறும் குறையப்போகிறது. கோடையில் நீர்த்தேக்கம் வற்றினால் லாக்குகள் மூடப்படும். குளிர்காலத்தில் பழுதுபார்க்கும் வேலைக்காகவும் மூடப்படும். படகு வாங்குகிறவர் லைசென்ஸை ஒழுங்காகக் கட்டி, கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, திறந்த மடையை மூடிவிட்டுப் போய், தன் பகுதித் தொண்டர்களோடு ஆண்டில் சில நாளாவது கரையில் வேலை செய்ய வேண்டும். அதற்கு மனம் இருந்தால் இந்த வாழ்க்கை உங்களுக்கு நிறையத் தரும்.

கண்காட்சி முடிந்து வீடு திரும்பியதும், பார்த்த படகுகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜனவரிக் கேள்விக்குக் கிடைத்த பதிலை எழுதுங்கள். பதில் கிடைக்காத படகுகளை அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை நவம்பர் மாதத்து மழைநாள் ஒன்றில் மறுபடி போய்ப் பாருங்கள். அன்றும் மனம் அவற்றில் ஒன்றைக் கேட்டால், தைரியமாக வாங்குங்கள்.